கட்டிலுக்குக் கீழே கிடக்கும் போர்வை

18.11.2024, திங்கள்

எனக்கு நடந்த அநியாயம் இது. நாற்பத்து மூன்று வருஷம் என்னோடு குடித்தனம் செய்த என் மனைவி நஞ்சம்மாள், ஒரு வாரமாக அடுத்த வீட்டு நஜீமுதீன் பாய் தைத்த போர்வையைப் போர்த்திக்கொள்கிறாள். நான் தைத்தது நாலாக மடித்துக் கட்டிலுக்குக் கீழே, ட்ரங்க் பெட்டிமேல் கிடக்கிறது.

யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது ஏழு மாத வேலை. கரும்பச்சை, சாம்பல், நீலம் என்று மூன்றே நிறம். சேர்த்துத் தைத்த துணித் துண்டுகள் எல்லாம் ஒரே அளவுச் சதுரம், மூலைக்கு மூலை பிசகாமல் சேரும். அங்குலத்துக்குப் பதினொரு தையல், கையால். ஸ்கேல் வைத்துப் பார்க்கட்டும். பாயுடையது இரண்டு மாத வேலை. பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, அதற்குப் பக்கத்தில் மஞ்சள், எது கைக்கு வந்ததோ அது. ஒவ்வொரு தையலும் நீள அரிசி நீளம். ஓரம் கோணல்.

"பாய் அண்ணா நம்ம ஊட்டுக்குன்னு குடுத்தாருங்க" என்றாள். நம் வீட்டுக்கு என்றால் எனக்கும் சேர்த்துத்தானே? எனக்கு வேண்டாம்.

ட்யூப்லைட் மாற்ற வேண்டும் என்று ஆயுத பூஜைக்கு முன் வாங்கிப்போன எங்கள் ஏணியையும் அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. இங்கிருந்து போவது எதுவும் திரும்புவதில்லை.

19.11.2024, செவ்வாய்

காலையில் பார்த்தேன். கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருக்கிறாள்.

21.11.2024, வியாழன்

அவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை அடுக்கி ஒரு நூல் பிசகாமல் வெட்டுவேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஓய்வு பெற்று மூன்றாம் மாதம், சும்மா உட்கார முடியாமல் கம்பெனியில் கேட்டு ஒரு மூட்டை வெட்டு மிச்சம் வாங்கிவந்தேன். முதல் போர்வையை மூன்று தரம் பிரித்தேன். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் பழைய புடவையின் மெல்லிய வாயில் துணியை வைத்துத் தைத்தால்தான் நிற்கும் என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. குறி போடச் சாக்பீஸ் வேண்டாம், குளித்துக் கரைந்த சோப்புச் சில்லு போதும். நூலை மெழுகுவத்தியில் ஒரு தரம் இழுத்தால் சிக்காது. ஊசி குத்தாமலிருக்க விரலுக்கு, இறுக்கிப் பிடிக்கும் ரிப் துணியில் ஒரு குழாய், அது கைப்பட்டி வெட்டியதில் மிச்சம். விரித்துக் கட்டும் சட்டத்துக்குப் பழைய கட்டிலின் நான்கு கட்டைகள். இத்தனையிலும் கடையில் வாங்கியது ஊசி ஒன்றுதான்.

பாய் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டார். போன வருஷம் கணுக்காலில் ஆபரேஷன் ஆகி, நடக்க முடியாமல் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "சும்மா பாக்கறனுங்க மாஸ்டர், பொழுது போகோணுமல்லங்க" என்றார். நானும் பாவம் என்று விட்டேன். நான்கு மாதம் பொழுது போக்கினார். ஐந்தாம் மாதம் அவர் விரலில் ரிப் குழாய். என் குழாய் என்ன நிறமோ அதே நிறம்.

சோப்புச் சில்லு, மெழுகுவத்தி, வாயில் துணி எல்லாம் என்னுடையவை. போர்த்திக்கொள்வது மட்டும் அவருடையது.

25.11.2024, திங்கள்

நஞ்சம்மாளுக்குச் சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் சித்ராதேவி இன்று வந்தாள். கொடியில் பாயின் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. "ஐயா, கண்ணுக்கே குளுகுளுன்னு இருக்குதுங்க. நீங்க தெச்சதுங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து நஞ்சம்மாள், "அது பாய் அண்ணா தெச்சதுங் கண்ணு" என்றாள்.

என்னுடையதையும் அவள் பார்க்கட்டும் என்று கட்டிலுக்குக் கீழே குனிந்து இழுத்தெடுத்தேன். எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. நான் நிமிர்ந்தபோது சித்ராதேவி நஞ்சம்மாளின் பாதத்தைத் தொட்டுத் தொட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். "யப்பா, ரெண்டாளு தூக்கோணுமாட்ட இருக்குதுங்களே" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். துணி தெரிந்தவள்.

28.11.2024, வியாழன்

இன்று நேராகவே கேட்டுவிட்டேன். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று. பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, "லேசா இருக்குதுங்க, அவ்வளவுதான்" என்றாள்.

லேசா? பனியன் ஏற்றுமதி செய்யும் இந்த ஊரில் லேசு என்பது நல்ல வார்த்தையா? ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிற்கிறது, அதுதான் ஜி.எஸ்.எம். அதில் பத்து குறைந்தால் வெளிநாட்டுப் பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவான். அப்படித் திரும்பிவந்த சரக்கை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கனமான துணி நல்ல துணி. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். என்னுடையதில் இருப்பது குளிர் நாட்டுக்குப் போகும் மேலாடைக்கான தடித்த ஃப்லீஸ் துணி. அதிலும் மூன்று அடுக்கு.

முதலில் இரண்டு அடுக்குதான் வைத்தேன். போன மார்கழியில் அவள் காலை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தாள். காலுக்குச் சூடு எட்டவில்லை, குளிருக்கு இது போதவில்லை என்று நினைத்து இன்னொரு அடுக்கு வைத்தேன். முழுதும் பிரித்து, மறுபடி தைத்து. யார் செய்வார்கள்? பாய் செய்வாரா?

30.11.2024, சனி

பாய் வந்தார், டீ நேரத்துக்குச் சரியாக. அவருக்குச் சர்க்கரை போடாத டீ, எனக்குப் போட்ட டீ. நஞ்சம்மாள் யாருக்கு எது என்று மறப்பதில்லை.

உங்கள் போர்வையில் உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். மெல்லிய சிங்கிள் ஜெர்சி, எல்லாம் கடையில் பழுது என்று ஒதுக்கிய செகண்ட்ஸ் பனியன்கள், மேலும் கீழும் அதுதான், நடுவில் ஒரு பழைய வேட்டி என்றார். வேட்டி! அதை வெளியே சொல்ல வெட்கமில்லை.

துவைத்தால் சுருங்கும் என்று சொன்னேன். சிரித்தார். என்னுடையதைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். விரல்களால் நீவிப் பார்த்தார், ஓரத்தைத் திருப்பினார், தையலுக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோனார். "இந்தத் தையல் இன்னொரு பொறப்பு எடுத்தாலும் எனக்கு வராதுங்க மாஸ்டர்" என்றார். பிறகு அதை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, "ஆனா இது போர்வை இல்லீங்க. ஏற்றுமதிக்குக் கட்டுன பேலு. மேல அட்ரஸ் எழுதுனா கப்பல்ல ஏறிரும்" என்றார்.

நஞ்சம்மாள் உள்ளே சிரித்தாள். சத்தம் கேட்டது. எனக்கு அது கேட்காது என்று நினைத்தாள்.

ஏணியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவருக்கே தோன்றட்டும்.

3.12.2024, செவ்வாய்

பாயின் போர்வையை நஞ்சம்மாள் மறுபடி துவைத்துப் போட்டாள். துவைக்கும் முன்னும் காய்ந்த பின்னும் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். அரை அங்குலம்கூடச் சுருங்கவில்லை. துண்டுகளை முதலிலேயே துவைத்துவிட்டுத் தைத்திருக்கிறார். அதை மட்டும் எங்கே பார்த்தாரோ.

5.12.2024, வியாழன்

நஞ்சம்மாள் காய் வாங்கப் போயிருந்தாள். பரண்மேல் என் கட்டர் பெட்டி இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று முதலாளி என்ன வேண்டும் என்று கேட்டபோது, கடிகாரம் வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று வாங்கிவந்தது. ஏணி பாய் வீட்டில். நாற்காலிமேல் ஏறித்தான் எடுத்தேன். அதுவும் அவர் கணக்கில்தான்.

துணியை ரப்பர் பலகைமேல் விரித்து, கட்டரை அழுத்தி, கால் வட்டம் திருப்பினால் சாஸர் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி எடுக்கும். அந்த வட்டத்தின் எடையை நூறால் பெருக்கினால் துணியின் ஜி.எஸ்.எம். தெரிந்துவிடும். கம்பெனியில் தினமும் செய்த வேலை. பெட்டியோடு வந்த சின்னத் தராசுக்குப் பேட்டரி இல்லை. டிவி ரிமோட்டில் இருந்ததைக் கழற்றிப் போட்டேன்.

பாயின் போர்வையில், கால்பக்க மூலையில் வெட்டினேன். அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? மூன்று அடுக்கும் ஒரே திருப்பில் வந்துவிட்டன.

மூன்று புள்ளி ஒன்று கிராம். அதாவது முந்நூற்றுப் பத்து. என்னுடையது தொள்ளாயிரத்து அறுபது. மொத்தப் போர்வை மூன்று கிலோ நானூறு. அவருடையது ஒரு கிலோ, மேலே கொஞ்சம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எழுதிவைத்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்து டீ குடித்தேன். போர்வையை ஓட்டை உள்ளே போகிறமாதிரி மடித்து வைத்தேன்.

6.12.2024, வெள்ளி

விடியற்காலையில் அவள் சத்தம் போட்டு எழுந்து உட்கார்ந்தாள். காலை இழுத்தபோது கட்டைவிரல் அந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது. பனியன் துணியில் ஒரு பின்னல் கண் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். ஒரு முழத்துக்குப் பிரிந்திருந்தது.

வட்டத்தைப் பார்த்தாள். கத்தரிக்கோல் இப்படி வெட்டாது என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் என் சட்டைப்பையில் அந்த வட்டத்துணிகளைப் பார்த்துத் துவைத்தவள்.

திட்டவில்லை. "எத்தன கிராமுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் சொன்னேன். ஏன் சொன்னேன்? வாயை மூடிட்டு இருந்திருக்கோணும். கேட்டதுக்கு நம்பரைச் சொல்லீட்டேன், கம்பெனியில சொல்றமாதிரி. போர்வையை மடித்தாள். ஈரத்துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு வாசல் தெளிக்கப் போய்விட்டாள்.

நான் என்ன கொலையா பண்ணீட்டேன்? ஒரு வட்டம். சாஸர் அளவு.

7.12.2024, சனி

அவள் பேசவில்லை. இரண்டு போர்வையும் கட்டிலுக்குக் கீழே. பழைய சேலையைப் போர்த்திக்கொள்கிறாள்.

9.12.2024, திங்கள்

இன்று பேசினாள். மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து நாலு காயை உரித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றரை வருஷமாக அவளுக்குப் பாதத்தில் எரிச்சல். சர்க்கரையால் நரம்புக்கு வருவது. விரல்மேல் எது பட்டாலும் நோகிறதாம், துணியின் கனம்கூட. என் போர்வை மேலே இருந்தால் காலில் ஆள் ஏறி நிற்கிறமாதிரி இருக்குமாம். அதனால்தான் காலை வெளியே நீட்டியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் நான் மூன்றாவது அடுக்கு வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாயிடம் சொல்லத் தெரிந்ததே என்றும் கேட்டேன். அதுதான் எனக்கு நோகிறது. பாயின் மனைவிக்கும் அதே எரிச்சல் இருக்கிறது, தண்ணீர் பிடிக்கும்போது பேச்சுவாக்கில் வந்தது, பாய் கேட்டுக்கொண்டு நின்றார் என்றாள். பிறகு மொச்சையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன வருசம் தல சுத்துதுன்னு சொன்னனுங்க. பிரஷர் மிசினு எடுத்துட்டு வந்து கையில கட்டுனீங்க. நார்மலாத்தான் இருக்குதுன்னு சொல்லீட்டு பேப்பர் படிக்கப் போயிட்டீங்க. தல சுத்துனது எனக்குங்களா, மிசினுக்குங்களா? காலு எரியுதுன்னு சொன்னா அதுக்கும் ஒரு தராசு கொண்டாருவீங்க. எனக்கு எரியறது தப்புன்னு எழுதிக் காட்டுவீங்க. அதுக்குச் சும்மா இருந்துக்கலாம்னு இருந்துட்டனுங்க."

பிரஷர் அன்றைக்கு நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது. எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் இன்னொரு காயை உரித்தேன்.

10.12.2024, செவ்வாய்

வட்டத்துணியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. பிரிந்த இடத்தைச் சீக்கிரம் கட்டாவிட்டால் துணி முழுதும் ஓடிவிடும், அதற்குப் பொருத்தமாக நூல் வேண்டும், அதற்குத்தான் போனேன்.

பாய் ஓட்டையில் கையை விட்டு மறுபக்கம் எடுத்து, என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "கேட்டிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பனுங்களே மாஸ்டர். பாஸா, பெயிலுங்களா?" என்றார்.

பெயில் என்றேன்.

"எங்க ஊட்டுலயும் மொதல்ல பெயிலுதானுங்க" என்றார். அவர் மூன்று போர்வை தைத்து அந்த அம்மா மூன்றையும் வேண்டாம் என்றிருக்கிறார். நாலாவதை மனைவியின் கால்மேல் துண்டு துண்டாக வைத்து, இது நோகிறதா, இது நோகிறதா என்று கேட்டுக் கேட்டுத் தைத்தாராம். அதேபோலத்தான் எங்களுக்கும் ஒன்று. தையல் நீளம் ஏன் என்று அதட்டினேன். "நெருக்கித் தெச்சா பலகையாட்ட ஆயிருதுங்க. நோவுற காலு மேல பலகையவா வெக்கறது?" என்றார்.

தையல் வராதவர் சொல்கிற சாக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். பாதி சாக்குதான். ஆனால் மீதி உண்மை.

கேட்டுக் கேட்டுத் தைத்தார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வீட்டில் கேட்க முடிகிறது. சொல்லவும் அங்கே ஆள் இருக்கிறது.

13.12.2024, வெள்ளி

கார்த்திகை தீபம். அவள் வாசலில் விளக்கு வைத்தாள். நான் அந்த வெளிச்சத்தை நம்பாமல் பகலிலேயே ஓட்டையை அடைத்து முடித்துவிட்டேன். பிரிந்த கண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினேன். மேலே என் நீலத் துணியில் ஒரு வட்டம். அங்குலத்துக்குப் பதினொன்று. அவருடைய கோணல் தையலுக்கு நடுவில் அது தனியாகத் தெரிகிறது. தெரியட்டும்.

15.12.2024, ஞாயிறு

மறுபடி போர்த்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். பாயுடையதைத்தான்.

காலையில் டீ கொடுக்கும்போது நின்றாள். "ஏனுங்க, அந்த நீல வட்டம் மட்டும் விரலு மேல வந்தா கனமா இருக்குதுங்க" என்றாள்.

பழக்கத்தில் ஃப்லீஸையே வைத்திருக்கிறேன், அதையும் இரட்டையாக. அங்கே ஏழெட்டு கிராமுக்கு மேல் இருக்காது. இந்த எட்டு கிராம் ஒரு மனுஷிக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கட்டர் பெட்டி மேசைமேலேயே இருந்தது, தராசும் இருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோப்புச் சில்லை எடுத்து, எந்த இடம் என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். குறி போட்டேன்.

பாய் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு இது தெரியாது. என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

22.12.2024, ஞாயிறு

நீல வட்டத்தை எடுத்துவிட்டு ஜெர்சியில் ஒற்றையாக வைத்தாயிற்று. இப்போது என் போர்வையைப் பிரிக்கிறேன். தைத்ததைவிடப் பிரிப்பது கஷ்டம். என் தையலாயிற்றே, லேசில் விடாது. ஒரு வாரத்தில் கால் பங்கு பிரிந்திருக்கிறது. ஃப்லீஸ் மூன்றும் வெளியே போகின்றன. மேல்பக்கம் அதே மூன்று நிறம்தான் வரும், ஆனால் ஜெர்சியில். ஆரஞ்சு வைக்க மாட்டேன்.

ஒவ்வொரு துண்டையும் அவள் காலில் வைத்துப் பார்க்கிறோம். நோகிறதென்றால் தலையை ஆட்டுகிறாள். சாம்பல் ஐந்தில் மூன்றைத் தள்ளிவிட்டாள். ஒரே துணிச்சுருள், ஒரே லாட், ஒரே கிராம். இரண்டை ஒத்துக்கொண்டு மூன்றைத் தள்ளுகிறாள். எப்படி? கேட்கவில்லை. மூன்றையும் மூட்டையில் திருப்பிப் போட்டேன்.

29.12.2024, ஞாயிறு

இன்னும் நான் ஜெயிக்கவில்லை. தை ஒன்றாம் தேதி போர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். "மொதல்ல தையிங்க. அப்பறம் காலு சொல்லட்டுமுங்க" என்கிறாள். அதனால் ஆக வேண்டியதை எழுதிவைக்கிறேன்.

நான்: தை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். அங்குலத்துக்குப் பதினொன்று வேண்டாம், ஆறு போதும். ஐந்துக்கு இறங்க மாட்டேன்.

நான்: துண்டுகளை எல்லாம் முதலிலேயே துவைத்துவிட வேண்டும். இதை நானாகவே கண்டுபிடித்திருப்பேன்.

சித்ராதேவி: அடுத்த தரம் வரும்போது நஞ்சம்மாளின் காலை என் எதிரில் பார்க்க வேண்டும். எனக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். அப்போது நான் கட்டிலுக்குக் கீழே குனிந்துகொண்டிருக்கக் கூடாது.

நஞ்சம்மாள்: அதுவரைக்கும் பாயின் போர்வையே இருக்கட்டும். நோகிறதென்றால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பாய்: நடுவில் வைக்க இன்னொரு பழைய வேட்டி இருந்தால் தர வேண்டும். என்னுடையவை எல்லாம் தடிமன்.

பாய்: நாளைக்கு ஏணியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். கட்டர் பெட்டியையும் தராசையும் அவரே ஏறிப் பரண்மேல், நாற்காலிக்கு எட்டாதபடி, பின்பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். வைத்துவிட்டு, ஏணியைத் தன் வீட்டுக்கே திருப்பி எடுத்துப்போக வேண்டும்.